உலாவிக்குப் படியளப்பவர் யார்?

கோயம்புத்தூரில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதைத் திறந்து உலக விஷயங்களைப் பார்க்கும் ஜனங்களில், தாம் எந்தக் கதவு வழியாக உள்ளே நுழைகிறோம் என்று கவனிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவராவது இருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தக் கதவுக்கு உலாவி என்று தமிழில் பெயர் வழங்குகிறது. பேச்சில் பிரௌசர் என்கிறோம். ரயில் டிக்கெட்டு எடுப்பதும், பாங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பட்டா சிட்டா வாங்குவதும், பிள்ளைகளின் பரீட்சை முடிவை அறிவதும் இதன் வழியாகத்தான். இதற்கு விலை கிடையாது. விலையில்லாத பொருளைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். விலையில்லாத காரணம்பற்றியே எழுதுகிறோம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலே பழகிய நம் குடியானவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களென்று நாம் நினைக்கவில்லை. காங்கயம் காளை ஒன்றை இனாமாகத் தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால், பல்லை மாத்திரமா பார்ப்பார்கள்? சுழியையும் குளம்பையும் பார்ப்பார்கள்; அப்புறம் கொடுக்க வந்தவனுடைய முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார்கள்.

உலாவிகளுக்குப் பெயர்கள் பல. அவற்றை ஓட்டும் முக்கியமான எஞ்சின்கள் மூன்றேதான். கூகிள் கம்பெனியின் பிளிங்க் ஒன்று. ஆப்பிள் கம்பெனியின் வெப்கிட் மற்றொன்று. மொஸில்லா ஸ்தாபனத்தின் கெக்கோ மூன்றாவது. கூகிளின் குரோம் உலாவி 2008 செப்டம்பரில் வெளிவந்தது. ஆப்பெரா 2013-லேயே தன் எஞ்சினைக் கைவிட்டுக் கூகிளின் பாதைக்கு வந்தது. மைக்ரோஸாப்டு போன்ற மகா கம்பெனியும் 2020 ஜனவரியில் அதே எஞ்சினை வைத்துத்தான் புதிய எட்ஜ் உலாவியை வெளியிட்டது. பிரேவ், விவால்டி முதலியவற்றின் கதையும் இதுவே. கரூருக்குப் போகிறவர்கள் அங்கே பஸ் பாடி கட்டும் பட்டறைகளைக் கண்டிருப்பார்கள். சாஸி வேறொரு கம்பெனியிலிருந்து வந்து இறங்குகிறது. அதன்மேல் கூடு கட்டி, ஆசனம் போட்டு, வர்ணம் பூசி, பெயர் எழுதுகிறார்கள். வேலையின் நேர்த்தியில் கரூர்த் தொழிலாளரை மிஞ்சுவார் இல்லை. ஆயினும் பிரேக்கு எப்படிப் பிடிக்கும், ஸ்டீரிங் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் சாஸி செய்தவன் முன்பே நிர்ணயித்துவிட்டவை. இன்று உலகில் உலாவி செய்கிறோம் என்று சொல்லிக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பாடி கட்டுகிறவர்களே.

குரோமியம் என்ற அந்தச் சாஸியின் மூலநிரல் யாவருக்கும் திறந்தல்லவா இருக்கிறது, வேண்டியவர்கள் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமே என்று ஆக்ஷேபிப்பார்கள். சட்டப்படி மாற்றலாம். ஆனால் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் நாள்தோறும் கூகிள் செய்யும் மாறுதல்களுக்கு எதிராகத் தனியே நின்று வேறு வழியில் போவதற்கு எத்தனை பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரல்களில் பெயர்பெற்ற யூபிளாக் ஆரிஜின் பழைய ஏற்பாட்டை நம்பி இயங்கியது. கூகிள் அந்த ஏற்பாட்டை மாற்றி, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் குரோமில் அது வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டது. பாதுகாப்பை முன்னிட்டுச் செய்தோம் என்பது கம்பெனியின் சமாதானம். இருக்கலாம். கூகிளின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பழைய ஏற்பாட்டைக் கைவிடமாட்டோம் என்று சொன்ன உலாவி மொஸில்லாவின் ஃபயர்பாக்ஸ்.

அப்படியானால் ஃபயர்பாக்ஸ் சுதந்திரமானது, அதை ஆதரித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று முடித்துவிடலாமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

ஃபயர்பாக்ஸின் பூர்வோத்தரம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. நெட்ஸ்கேப் என்ற உலாவி ஒரு காலத்தில் உலகத்தையே ஆண்டது. மைக்ரோஸாப்டு தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்து இனாமாக வழங்கவே நெட்ஸ்கேப் நசித்தது. நசிக்கும் தருவாயில் 1998-ல் தன் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. 2003 ஜூலையில் மொஸில்லா பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. 2004 நவம்பர் 9-ந் தேதி ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு வந்தது. அந்த டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் ஒன்று வெளியாயிற்று. அதற்குக் காசு கொடுத்தவர்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள். அவர்களுடைய பெயர்களே பொடி எழுத்தில் அந்தப் பக்கத்தை நிரப்பின. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு, அதைவிட அழகான விளம்பரம் ஒன்று வெளியானதாக ஞாபகமில்லை.

அதே காலத்தில் மற்றோர் ஒப்பந்தமும் நடந்தது. ஃபயர்பாக்ஸைத் திறந்தவுடன், உபயோகிப்பவர் கேளாமலே வந்து நிற்கும் தேடுபொறியாகத் தன்னை வைப்பதற்குக் கூகிள் பணம் கொடுக்க முன்வந்தது. 2014 முதல் 2017 வரை அமெரிக்காவில் யாஹூ அந்த இடத்தைப் பிடித்திருந்தது. யாஹூவைப் பலர் விரும்பவில்லை. தாமே தேடிப்போய்க் கூகிளுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2017-ல் பழைய எஜமானரே திரும்பி வந்தார். 2022-ஆம் ஆண்டில் மொஸில்லாவின் வருமானம் சுமார் 59 கோடி டாலர். அதில் 51 கோடி டாலர் இத்தகைய ஒப்பந்தப் பணம், பெரும்பாலும் கூகிளுடையது. தன்னோடு போட்டி போடும் உலாவிக்குத் தானே படியளக்கும் விசித்திரத்தை வியாபார உலகம் அதிகம் கண்டதில்லை. கூகிளுக்கு இது பெரிய தொகையுமன்று. இவ்விதம் முதலிடம் பெறுவதற்காக 2021-ல் மட்டும் அது பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர் என்று கோர்ட்டிலே வெளியாயிற்று. ஆப்பிளுக்கு 2022-ல் கொடுத்தது 2,000 கோடி.

கோர்ட்டு விவகாரத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க சர்க்கார் 2020 அக்டோபரில் கூகிள்மீது வழக்குத் தொடுத்தது. விசாரித்தவர் நீதிபதி அமித் மேத்தா. குஜராத்திலே பாடண் நகரில் பிறந்தவர். 2024 ஆகஸ்டு 5-ந் தேதி, தேடுபொறித் துறையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று அவர் தீர்ப்பளித்தார். பிறகு பரிகாரம் என்ன என்ற விசாரணை நடந்தது. இப்படிப் பணம் கொடுப்பதையே தடுத்துவிட வேண்டும் என்று சர்க்கார் தரப்பு கேட்டது. 2025 மே மாதத்தில் மொஸில்லாவின் நிதி அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். தம் கம்பெனியின் வருமானத்தில் சுமார் நூற்றுக்கு 85 பங்கு கூகிளிடமிருந்து வருகிறது. அது நின்றால் பொறியாளர்களைக் குறைக்க நேரும், உலாவி தேயும், தேயத் தேய ஜனங்கள் விலகுவார்கள், கடைசியில் ஃபயர்பாக்ஸே இல்லாமற் போகலாம் என்று சொன்னார். வேடனுடைய கையைக் கட்டினால் நான் பிழைக்கமாட்டேன் என்று மானே வந்து சாட்சி சொல்லிற்று! அவர் பொய் சொன்னாரென்று நாம் கருதவில்லை. உண்மையைச் சொன்னார் என்பதுதான் விசனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 2-ந் தேதி நீதிபதி மேத்தா, பிறரை விலக்கும் தனி ஒப்பந்தங்களைத் தடை செய்தார். பணம் கொடுப்பதை அடியோடு தடுக்கவில்லை. தடுத்தால் பணம் பெற்று வாழ்பவர்களுக்கு ஏற்படும் தீங்கையும் அவர் தமது காரணங்களில் ஒன்றாகக் காட்டியிருக்கிறார். குரோமை விற்கும்படியும் உத்தரவிடவில்லை.

நாம் வக்கீல் தொழில் பார்த்தவர்களாதலால் நமக்கு இதில் ஒரு விசேஷ சுவை உண்டு. நிலத்தை வருஷக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவனை வெளியேற்றுவதற்குக்கூட ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லுகிறது. மொஸில்லாவுக்கு அந்த உறுதியும் இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தின் தவணையைப் பொறுத்தது. தவணை முடியும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்தாபனத்தின் தலைவர்கள் எதை நினைத்துக்கொண்டு தூங்கப் போவார்கள் என்று ஊகிப்பது கஷ்டமன்று.

கூகிள் மொஸில்லாவுக்கு உத்தரவு போட்டது என்பதற்கு அத்தாட்சி எதுவும் நாம் காணவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று நம் முன்னோர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கர்ணனுக்குத் துரியோதனன் தினந்தோறும் கட்டளையா அனுப்பினான்? நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம்: ஜனங்களின் பின்னாலே ஒற்றுப் பார்த்து வரும் குக்கிகளை 2019-ல் ஃபயர்பாக்ஸ் யாவருக்கும் பொதுவாகவே தடை செய்தது, அது துணிந்த காரியம். ஆயினும் விளம்பரத் தடுப்பைத் தானே உள்ளமைத்துத் தரும் அளவுக்கு அது போகவில்லை. சிறிய கம்பெனியான பிரேவ் போயிற்று. 2020 ஆகஸ்டில் மொஸில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. செர்வோ என்ற புதிய எஞ்சினைக் கட்டிவந்த குழுவும் அவர்களோடு போயிற்று. நாளைய எஞ்சினுக்கு உழைத்தவர்களை அனுப்பிவிட்டு இன்றைய வாடகையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2024 ஜூனில் விளம்பரத் துறைக் கம்பெனி ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில், உங்கள் தகவல்களை ஒருபோதும் விற்கமாட்டோம் என்று தங்கள் தளத்தில் எழுதி வைத்திருந்த வாக்குறுதியை எடுத்துவிட்டார்கள். 'விற்பனை' என்ற சொல்லுக்குச் சில சட்டங்கள் மிக விரிந்த அர்த்தம் கொடுப்பதால் அப்படிச் செய்ய நேர்ந்தது என்றார்கள். சட்டச் சொல்லின் அர்த்தத்தை ஆராயத் தொடங்குகிற கட்சிக்காரரைப் பார்த்தால் வக்கீலுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். அதற்குமேல் சொல்ல நாம் விரும்பவில்லை.

நம் தேசத்திலும் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் குரோம் முதலிய தன் செயலிகளைக் கட்டாயமாகச் சேர்த்து வைத்த விவகாரத்தில், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் சுதேச உலாவி ஒன்று செய்வதற்குப் பந்தயம் அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதற் பரிசு ஒரு கோடி ரூபாய் நம் தமிழ்நாட்டு ஸோஹோ கம்பெனிக்குக் கிடைத்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலே ஆபீசு வைத்து உலகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி அது. அதன் வெற்றியில் நமக்கும் பெருமைதான். ஆனால் அவர்களுடைய உலா என்னும் உலாவியும் குரோமியம் சாஸிமேல் கட்டிய பாடியே. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. எஞ்சினையே புதிதாகச் செய்வது ஒரு கோடி ரூபாயில் ஆகக்கூடிய காரியமுமன்று. திருப்பூர்க் கதர் வஸ்திராலயத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள் அறிவார்கள்: கையால் நெய்திருந்தாலும் நூல் மில் நூலாயிருந்தால் அதைக் கதர் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சர்க்கார் பரிசு கொடுத்தது நெசவுக்கு. நூற்பவனுக்கு யார் கொடுப்பது?

இனாமாகக் கொடுத்தே எதிரியை ஒழிக்கும் உபாயம் தமிழருக்குப் புதியதன்று. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். எதிரேயிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணமே வேண்டாம், சும்மா வாருங்கள், வந்தால் ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். குடை பெற்றுக்கொண்டு போனவர்கள் தேசத்துரோகிகளா? ஏழை ஜனங்கள், வெயில் காலம், இனாம். 1908-ல் சிதம்பரம் பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது. நம் கோவைச் சிறையிலே அவர் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அந்த நாளில் சர்க்காரின் சிறை தேவைப்பட்டது. இன்றைய கம்பெனிகளுக்குக் குடையே போதும்.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் துணையோடு, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாகாணங்களில் அத்தகைய குடை ஒன்றை விரித்தது. தான் பொறுக்கியெடுத்த சில தளங்களை மாத்திரம் காசில்லாமல் பார்க்கலாம் என்றது. ஃப்ரீ பேசிக்ஸ் என்று பின்னால் பெயர் மாற்றி, பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள் கொடுத்தது. அதை எதிர்த்தவர்கள் சம்பளமில்லாத வாலிபர்கள். நெட் சமத்துவத்துக்காக லட்சக்கணக்கான கடிதங்கள் டிராய் ஆணையத்துக்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ந் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைப்பதை ஆணையம் தடை செய்தது. நம் தேசத்தார் குடையை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

அதைவிட நமக்கு நெருங்கிய சம்பவம் தமிழ் விக்கிப்பீடியாவில் நடந்தது. அதை அறிந்தவர்கள் சிலரே. 2003-ல் தொடங்கி, கூலியில்லாமல் பலர் எழுதி வளர்த்துவரும் கலைக்களஞ்சியம் அது. 2009-ல் கூகிள் கம்பெனி, தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பழக்கும் நோக்கத்தோடு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், வங்காளி, ஹிந்தி, தெலுங்கு, கன்னட மொழிகளில் ஆக்குவதற்குக் கூலிக்கு ஆள் அமர்த்திற்று. தலைப்புகளைத் தேர்ந்தது கம்பெனி. நீண்ட நீண்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. தமிழ் பல இடங்களில் தமிழாயில்லை. எழுதியவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பக்கங்களின் எண்ணிக்கை உயர்ந்தது, சந்தேகமில்லை. எண்ணிக்கை உயர்ந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வங்காளிகள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்துவிட்டார்கள். தமிழர்கள் வேலையை நிறுத்தச் சொல்லி, கம்பெனியோடு உட்கார்ந்து பேசி, தரத்துக்கும் தலைப்புக்கும் நிபந்தனை விதித்தார்கள். 2010 ஜூனில் நம் கோவையிலே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும், அதையொட்டித் தமிழக சர்க்கார் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்ததும் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். அடுத்த மாதமே, போலந்து தேசத்து க்டான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில், தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் எழுந்து இந்தக் கூகிள் திட்டத்தின் குணதோஷங்களை உலகத்தின் முன் எடுத்துரைத்தார். 2011-ல் கம்பெனி அத்திட்டத்தை முடித்துக்கொண்டது.

பிற்பாடு 2018-ல் வேங்கைத் திட்டம் என்று ஒன்று வந்தது. கூகிள் மறுபடியும் பணம் கொடுத்தது. இந்த முறை எழுதுகிறவர்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கிடைத்தன. மொழிகளுக்கிடையே போட்டி வைத்தார்கள். 2019-20-ல் நடந்த இரண்டாம் சுற்றில் தமிழ் முதலாவதாக வந்தது. கம்பெனி தந்த தலைப்புப் பட்டியலோடு சமூகத்தார் தங்கள் பட்டியலையும் சேர்த்துக்கொண்டார்கள். இதில் நாம் குற்றம் காணவில்லை.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மொஸில்லா உலகப் பிரசித்தி பெற்ற ஸ்தாபனம்; நூற்றுக்கணக்கான பொறியாளர்கள்; கோடிக்கணக்கான டாலர். தமிழ் விக்கிப்பீடியாவில் அன்று ஓயாமல் உழைத்தவர்களை ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் நிறுத்து என்று கூகிளிடம் சொல்ல அவர்களால் முடிந்தது, இவர்களால் முடியவில்லை. காரணம் வீரமன்று. விக்கிப்பீடியாவின் கொட்டகைக்கு வாடகை கொடுப்பவர்கள் உலகெங்கும் சிறு சிறு தொகை அனுப்பும் லட்சக்கணக்கான வாசகர்கள். கூகிள் கோபித்துக்கொண்டு போனாலும் மறுநாள் அடுப்பு எரியும்.

வாசலை நம்முடையதென்று எண்ணி ஏமாந்த கதையும் தமிழருக்கு உண்டு. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்ற பெயர்களைக் கேட்டால் நடுவயதுத் தமிழர் சிலருக்கு நெஞ்சம் நெகிழும். யாஹூவின் குழும வசதியிலே, மலேசியாவிலும் அமெரிக்காவிலும் கோவையிலும் இருந்தவர்கள் கூடி இலக்கியமும் சரித்திரமும் பேசிய இடங்கள் அவை. யாஹூவை வேறொரு கம்பெனி வாங்கியது. 2019 அக்டோபரில் ஒரு நோட்டீஸ் வந்தது. சில மாத அவகாசத்துக்குள் பழைய பேச்செல்லாம் அழிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் குழுமங்களே மூடப்பட்டன. யாரும் பகையால் செய்யவில்லை. லாபக் கணக்கில் அது ஒரு வரியாகக்கூட இருந்திராது. இன்று நொய்யலைப் பற்றியும் சிறுவாணியைப் பற்றியும், அத்திக்கடவுத் தண்ணீரைப் பற்றியும், நம்மவர் கூடிப் பேசுவது மெட்டா கம்பெனியின் ஃபேஸ்புக், வாட்ஸப் திண்ணைகளில். திண்ணை விசாலமானது, நிழல் இருக்கிறது, வாடகை இல்லை. வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் நாளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

நீங்கள் மாத்திரம் என்ன, விளம்பரப் பணத்தில்தானே பத்திரிகை நடத்துகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். ஆம். தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்காரரும் ஆடிக்கு நகைக்கடைக்காரரும் கொடுக்கும் விளம்பரம் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் அச்சாகாது. ஆனால் அவர்கள் பலர். ஒருவர் வருத்தப்பட்டு நிறுத்தினால் நமக்கு நஷ்டம், இன்னொருவரைத் தேடுவோம். நம் வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே மில்லிலிருந்து வருமானால், அந்த மில்லின் சாயக் கழிவைப் பற்றி இந்தப் பத்தியில் என்ன எழுதுவோம் என்று நேயர்கள் எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டால் போதும்.

பெருந்தனக்காரர்களின் பணமே தீண்டத்தகாதது என்று சொல்லுகிற கட்சியைச் சேர்ந்தவர்களல்லர் நாம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். இந்த ஊரின் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் பஞ்சாலைப் பணத்தில் எழுந்தவை. 1926-ல் பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர்கள் நால்வர் பாகம் பிரித்துக்கொண்டபோது, சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு விட்டார்கள். பி. எஸ். ஜி. அண்ட் ஸன்ஸ் சாரிட்டீஸ் அப்படிப் பிறந்தது. சட்டத்தின் கண்ணில் இதற்கும் வருஷ ஒப்பந்தத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்தைக் கொடுத்தவரே திரும்பக் கேட்க முடியாது. அடுத்த தவணைக்கு நிபந்தனை போட முடியாது. கையைவிட்டுப் போன பணம் அது. கூகிள் கொடுப்பது கையைவிட்டுப் போகாத பணம். கயிற்றின் ஒரு நுனி எப்போதும் அதன் விரலில் இருக்கிறது. ஏகபோகக்காரர் என்று தீர்ப்புப் பெற்ற கம்பெனி, பரிகாரமாக ஒரு மூலதனத்தை ஒரே தடவையாகத் தர்மகர்த்தாக்கள் வசம் ஒப்படைத்து, அதன் வட்டியிலிருந்து தனி எஞ்சின்களை வாழவைக்கும்படி கோர்ட்டார் உத்தரவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அமெரிக்கக் கோர்ட்டாருக்கு நாம் யோசனை சொல்ல முடியாது. ஆனால் யோசனை நல்ல யோசனைதான்.

இந்த வழியில் நடப்பவர்களும் இல்லாமலில்லை. 2024 ஜூலையில் லேடிபேர்ட் என்ற புதிய எஞ்சினுக்காக அமெரிக்காவில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. கிட்ஹப் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். நிபந்தனையற்ற நன்கொடை மாத்திரமே வாங்குவோம், தேடுபொறி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளமாட்டோம், நிர்வாக சபையில் இடம் விலைக்கில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மொஸில்லா நீக்கிய செர்வோவும் சாகவில்லை. வேறு ஸ்தாபனத்தின் நிழலில் வளர்கிறது. ஜனங்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்பதும் உண்மையன்று. மொஸில்லாவின் குடும்பத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலி, உபயோகிப்பவர்களின் நன்கொடையாகவே 2022-ல் 60 லட்சம் டாலருக்குமேல் பெற்றது. விந்தை என்னவென்றால், ஃபயர்பாக்ஸுக்கென்று இப்படிக் கொடுக்க வழியில்லை. மொஸில்லா பவுண்டேஷனுக்குக் கொடுக்கும் நன்கொடை அதன் மற்றக் காரியங்களுக்குப் போகுமேயன்றி, ஃபயர்பாக்ஸைச் செய்யும் கார்ப்பொரேஷனுக்குப் போவதில்லை. உண்டியலே வைக்காத கோயிலில் காணிக்கை குறைந்தது என்று யாரை நொந்துகொள்வது? இதை மாற்றும்படி மொஸில்லாவுக்கு எழுதவேண்டியது உபயோகிப்பவர்களின் உரிமை.

நம் ஊருக்கு வருவோம். கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் பொறியியற் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கணினித் துறையில் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறுதியாண்டு வேலைத் திட்டம் என்று ஒன்றைச் செய்து, கெட்டி அட்டை போட்டுக் கட்டி, அலமாரியில் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு கெக்கோவுக்கும் செர்வோவுக்கும் லேடிபேர்டுக்கும் போகட்டும். தமிழ் எழுத்து உடைந்து தெரிவதும், வரி முறியும் இடத்தில் மெய்யெழுத்து தனியே போய் நிற்பதும் போன்ற குறைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் திருத்தாமல் கலிபோர்னியாக்காரர் வந்தா திருத்துவார்? இதற்கு மார்க்கு கொடுக்கப் பல்கலைக்கழகத்தார் இசைந்தால் போதும். ஊரிலுள்ள தர்ம ஸ்தாபனங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, எஞ்சின் வேலைக்கென்றே வருஷம் பத்துப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வைப்பதும் பெரிய செலவன்று. ஒரு நுழைவாயில் வளைவு கட்டும் செலவுக்குள் அடங்கும்.

சர்க்காரிடமும் ஒரு வார்த்தை. ஜனங்கள் வரி கட்டவும் சான்றிதழ் பெறவும் வைத்திருக்கும் தளங்களில் சில, குரோமில் திறக்கவும் என்று இன்றும் அறிவுறுத்துகின்றன. தாலுகா ஆபீசுக்கு இன்ன கம்பெனியின் பஸ்ஸில் ஏறி வந்தால்தான் மனு வாங்குவோம் என்று தாசில்தார் போர்டு மாட்டினால் பொறுத்துக்கொள்வோமா? எந்த உலாவியில் திறந்தாலும் வேலை செய்யாத தளத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து ஏற்றுக்கொள்வதில்லை என்று ஓர் உத்தரவு போட்டால் ஒரு பைசாச் செலவில்லை.

கல்லூரிகள் மறுபடி திறக்கும் சமயத்தில் கணினிக் கூடங்களைத் துடைத்துச் சீர்செய்வார்கள். அப்போது ஒவ்வொரு கணினியிலும் குரோமுக்குப் பக்கத்தில் வேறு எஞ்சினில் ஓடும் உலாவி ஒன்றையும் போட்டு வைக்கும்படி கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எதை உபயோகிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும்.